துவைக்காத புடவை

அக்கா,

இன்றைக்கு உன் பங்கில் கடலைச் செடி பிடுங்குகிறோம். கூலிக்கு வந்த பெண்கள் வெயில் ஏறுவதற்கு முன்பே இறங்கிவிட்டார்கள். செடியைப் பிடித்து இழுத்ததும் ஈரமண்ணும் பச்சைக் காயும் சேர்ந்து ஒரு வாசம் கிளம்புமே, அது மூக்கில் ஏறியதும் எனக்குக் கை ஓடவில்லை. களத்தோரம் வேப்பமரத்தடியில் வந்து உட்கார்ந்துவிட்டேன். பேத்தியிடம் தாளும் பேனாவும் வாங்கி எழுதுகிறேன். அவள் படிப்பது தெலுங்கு மீடியம். எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா ஆயா, பொட்டி பொட்டியா வரைஞ்சுகினு கீற" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

உனக்கும் எழுத்து தெரியாது. நான் எதையாவது படித்துச் சொன்னால், "அஞ்சாவது பாஸு பண்ண தொரசாணி சொல்றாங்க, எல்லாரும் கேட்டுக்கோங்க" என்பாய். கேலிதான். ஆனாலும் ஊரில் யாருக்குத் தமிழில் கல்யாணப் பத்திரிகை வந்தாலும், என் தங்கச்சி படிப்பா என்று என்னிடம் இழுத்து வந்தவளும் நீதான்.

ஓரகத்திகள் இப்படி இருந்து நான் பார்த்ததில்லை. நீ அண்ணனைக் கட்டியவள், நான் தம்பியைக் கட்டியவள். அடுத்தவர் நிலத்தில் களை எடுத்த கை நம் இருவருக்கும். சர்க்கார் மலையடிவாரத்தில் பட்டா கொடுத்தபோது, அதில் மண்ணைவிடக் கல்தான் அதிகம் இருந்தது. பொறுக்கப் பொறுக்கக் கீழேயிருந்து முளைத்து வருகிற மாதிரி வந்தது. பொறுக்கிய கல்லையே நடுவில் போட்டு, மேலே மண் அணைத்து வரப்பாக்கினோம். அந்தப் பக்கம் உன்னுடையது, இந்தப் பக்கம் என்னுடையது. வீட்டு ஆண்கள் இருவரும் போய்ச் சேர்ந்த பிறகும் அந்த வரப்பில் நமக்குச் சண்டை வந்ததில்லை. சண்டையெல்லாம் யார் எதைப் பார்த்தோம் என்பதில்தான்.

காலையில் யார் முதலில் வந்தாலும், அடுத்தவளுக்குக் கணக்கு ஒப்பிக்க வேண்டும். நீ தண்ணீர் மடை திருப்பிக்கொண்டே கேட்பாய்.

"இன்னா பாத்தடி?"

"கௌதாரி. குஞ்சுங்களோட. வரப்பத் தாண்டி உன் பக்கம் போச்சு."

"என் பக்கம்னா நல்ல பக்கம். அதுக்கும் தெரிஞ்சிருக்குது பாரு."

கீரி, உடும்பு, முயல், மயில். ஒரு முறை புள்ளிமான் ஒன்று தொட்டியில் தண்ணீர் குடித்துவிட்டு, நாம் இருப்பதைப் பார்த்தும் நின்றது. நீ மண்வெட்டியைக் கீழே போடாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாய். அது போன பிறகுதான் மூச்சு விட்டாய். மயிலை மட்டும் உனக்கு ஆகாது. "சாமி வண்டின்னு சொல்லிச் சொல்லியே வெதையெல்லாம் துன்னுட்டுப் போவுது" என்று தட்டை அடித்து விரட்டுவாய். இன்னொரு நாள் பனியில், மலைப்பக்கம் கரடி உட்கார்ந்திருக்கிறது என்று என் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினாய். கிட்டே போனால், கறுப்புக் கம்பளி போர்த்திக்கொண்டு மாமா பீடி பிடித்துக்கொண்டிருந்தார். அவர் முகத்துக்கு நேராகவே சொன்னாய்: "நான் சொன்னது தப்பில்லடி. இத்தினி வருசமா இதோடதான் குடும்பம் பண்றேன்."

பன்றிதான் நமக்கு எமன். காய் பிடிக்கிற சமயம் மலையிலிருந்து இறங்கும். ஒரு கும்பல் புகுந்தால், விடிவதற்குள் மூக்காலேயே உழுதுவிட்டுப் போய்விடும். அதற்குத்தான் புடவை வேலி. ஊரில் எல்லாரும் கட்டுகிறார்கள்தான், ஆனால் நீ கட்டுவது தனி. சவுக்குக் கொம்பு நட்டு, ஒன்றின் முந்தானையை அடுத்ததன் முனையோடு முடிச்சுப் போட்டு, நிலத்தைச் சுற்றிப் பழம்புடவையாக இழுத்துக் கட்டுவாய். உன் பெரியவளுக்குக் காது குத்தியபோது எடுத்த மாம்பழ நிறம், நான் தீபாவளிக்கு எடுத்து ஒரே தண்ணியில் சாயம் போன ஊதா, சம்பந்தி வீட்டில் வைத்துக் கொடுத்து உனக்குப் பிடிக்காமலே போன பச்சை. காளஹஸ்தி பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னலில் தலை நீட்டிப் பார்ப்பார்கள். நம் இரண்டு பேருடைய ஆயுசும் வேலியில் காய்ந்துகொண்டிருக்கிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்.

கட்டுகிற புடவையைத் துவைக்கக் கூடாது என்பது உன் சட்டம். வேலிக்குப் போகப்போகிற புடவையை முதலில் உடுத்திக்கொண்டு களை எடுக்க வேண்டும், சாணி அள்ள வேண்டும், வேர்வையில் ஊற வேண்டும். அதன் பிறகுதான் கொம்பில் ஏறும். "பன்னிக்குக் கண்ணு மட்டு, மூக்குதான் பெருசு. மனுச வாசம் அடிச்சா, ஆள் நிக்குதுன்னு நெனச்சிகினு திரும்பிப் பூடும்."

என் மருமகள் சுகுணா வந்த புதிதில் இது தெரியாமல், ரோட்டில் போகிறவர்கள் அழுக்குப் புடவையைப் பார்த்து என்ன நினைப்பார்கள் என்று, அத்தனையையும் ஊறவைத்துத் துவைத்து, வாசனைத் தண்ணீரில் அலசி, மடிப்புக் கலையாமல் கட்டி வைத்தாள். மறுநாள் காலை என் பங்கில் ஒரு மூலை முழுக்கக் குழி. அவள் அழுதுவிட்டாள். நீ இடுப்பில் கை வைத்துச் சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னாய்: "அய்யே, அழுவாதம்மா. பன்னிக்குக் கல்யாணப் பந்தல் போட்டு சென்ட்டு வேற அடிச்சு வெச்சா, வராம இன்னா பண்ணும்? மரியாத தெரிஞ்ச பன்னி, வந்து துன்னுட்டுப் போயிருக்குது." அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். அதற்கப்புறம் அவள் உன்னைப் பெரியத்தை என்று சொல்லும்போது அந்தச் சிரிப்பு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். இப்போது அந்த வார்த்தையையே அவள் வாயில் காணோம்.

இந்தப் போகத்துக்கு விதை போட்டவள் நீ. செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தபோதுதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். ஆட்டோ வந்துவிட்டது. திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு என்றால், வேர்வை வழிகிற முகத்தோடு என்னை முறைத்தாய். "இந்தப் புடவையோடவா? திருப்பதியில நாலு பேரு பாக்க மாட்டாங்க?" நான் வீட்டுக்கு ஓடி நல்ல புடவை கொண்டுவந்தேன். மோட்டார் கொட்டாய்க்குள் நின்று, என் தோளைப் பிடித்துக்கொண்டே மாற்றினாய். அவிழ்த்ததை ஆணியில் மாட்டினாய். "வந்து எடுத்துக்கறேன்" என்றாய்.

உன்னைத் திரும்பக் கொண்டுவந்தபோது அந்த நல்ல புடவைதான் உன் மேல் இருந்தது.

சாவு விழுந்த வீட்டில் நடப்பது உனக்குத் தெரியாததா. தீட்டு என்று இரண்டு வீட்டுத் துணியும் ஒன்றுவிடாமல் துவைத்தார்கள். நீ உடுத்தியதையெல்லாம் வண்ணாத்தி வாங்கிக்கொண்டு போனாள். நான் கட்டியிருந்தது, கொடியில் கிடந்தது, மூட்டையில் இருந்தது எல்லாம் சோப்புத் தண்ணீரில் போனது. காரியம் முடிகிறவரைக்கும் வேறு யாரும் நிலத்துப் பக்கம் போகவில்லை, நான் ஒரே ஒரு தடவை போனதோடு சரி. மோட்டார் கொட்டாய் ஆணி யாருக்கும் ஞாபகம் வரவில்லை. எனக்கு வந்தது. தண்ணீர் பாய்ச்சுகிற சாக்கில் போய் அந்தப் புடவையை எடுத்து, பாலிதீன் பையில் சுருட்டிக் கட்டி, என் பெட்டிக்கு அடியில் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. கிழவிக்கு இது என்ன புத்தி என்று ஒருத்தர் சொல்லிவிட்டால் நான் தாங்கமாட்டேன். வீட்டில் ஆள் இல்லாதபோது பையின் வாயை லேசாகத் திறப்பேன். வெற்றிலை, புகையிலை, கொசுவுக்கு நீ காலில் தடவும் வேப்பெண்ணெய், அடுப்புப் புகை. நீ அப்போதுதான் எழுந்து அந்தப் பக்கம் போன மாதிரி இருக்கும். உடனே கட்டிவிடுவேன். திறந்து வைத்தால் தீர்ந்துவிடுமே என்று பயம்.

காரியம் முடிந்த மறுநாள் காலையில் நிலத்துக்குப் போனேன். இதே பச்சைக் கடலை வாசம் தூரத்திலேயே வந்தது. பிடுங்குகிற நாள் இல்லையே என்று எட்டி நடந்தேன். உன் பங்கில் மலையோரமாக ஒரு பாத்தி முழுக்கப் புரட்டிப் போட்டிருந்தது. போன வருஷத்துப் புடவைகள் வெயிலிலும் மழையிலும் வெளுத்துக் கிழிந்து, ஒரு வாசமும் இல்லாமல் தொங்கின. மனித நடமாட்டம் இல்லாததைப் பன்றி நம்மைவிட முன்னால் தெரிந்துகொண்டது.

உன் மகன் முனி அன்றைக்கு லீவில் இருந்தான். ஸ்ரீசிட்டி கம்பெனியில் ஷிப்ட்டுக்குப் போகிறவன், அம்மாவுக்குக் காரியம் முடித்த களைப்பு முகத்தில் இருந்தது. குழியைப் பார்த்தான். வண்டியில் போய்க் கம்பிச் சுருள் ஒன்றோடு திரும்பி வந்தான். மோட்டார் கொட்டாயிலிருந்து கரண்ட் இழுத்துச் சுற்றிலும் கம்பி கட்டப்போகிறானாம்.

"வேணாம்டா."

"ஊரே போடுது சின்னம்மா. ராத்திரிக்கு மட்டும்தான். காலையில சுவிச்ச அணைச்சிட்டாப் போச்சு."

"நீ ஷிப்ட்டுக்குப் பூடுவ. யார் அணைப்பா? விடிஞ்சதும் மொதல்ல வரப்புல கால் வெக்கிறவ நானு. அந்தக் கௌதாரி குஞ்சுங்களக் கூட்டிகினு அதே வழியா வரும்."

"கௌதாரிக்கா நான் பயிர் வெச்சிருக்கேன்? இது அம்மா போட்ட வெத. ஒரு செடி போனாலும் எனக்கு வயிறு எரியுது."

"உங்கம்மா போட்ட வெததான். அதச் சுத்தி சாவ கட்டுவியா?"

அவன் கம்பியைப் பிரிக்கத் தொடங்கினான். புதிதாகப் புடவை உடுத்தி, வேலை செய்து, வேர்வை ஏற்றிக் கட்டுகிறவரைக்கும் அவன் பொறுக்கமாட்டான். பன்றியும் பொறுக்காது. அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஏதாவது செய்தாக வேண்டும். இரண்டு வீட்டிலும் துவைக்காத புடவை என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

வீடுவரைக்கும் நடந்து போனேன். பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தேன். நீ இருந்திருந்தால், "துணிய வெச்சிகினு இன்னாடி பண்ணப் போற, காய் போவுது பாரு" என்று கத்தியிருப்பாய். உன் குரலிலேயே எனக்கு நான் சொல்லிக்கொண்டுதான் எழுந்தேன்.

நிலத்துக்கு வந்து பையைப் பிரித்ததும் முனிக்குத் தெரிந்துவிட்டது. காற்று அவன் பக்கம்தான் அடித்தது. கம்பியை அப்படியே விட்டுவிட்டு வந்து புடவையின் ஓரத்தைத் தொட்டான்.

"இது எங்க இருந்தது?"

"கொட்டாயில. மாட்டிட்டுப் போனா."

கொஞ்ச நேரம் அவன் கை அதிலேயே இருந்தது. "வேணாம் சின்னம்மா. இத உள்ள வெச்சிக்கலாம். வெளிய கட்டினா நாலு நாள்ல பூடும்."

"எனக்குத் தெரியாதா?"

கொம்பில் முதல் முடிச்சு நான்தான் போட்டேன். மறுமுனையை அவன் பிடித்து இழுத்துக் கட்டினான். பன்றி இறங்குகிற வழியைப் பார்த்து, குறுக்காக, நீ கட்டுவதுபோல முட்டி உயரத்துக்குத் தாழ்த்திக் கட்டினோம். அவன் கம்பிச் சுருளை வண்டியில் ஏற்றிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனான். நானும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. நம் வீட்டில் அழுவதை யாரும் யாருக்கும் காட்டுகிறதில்லை.

மறுநாள் விடிந்ததும் ஓடினேன். தரை ஈரமாக இருந்ததால் தடம் தெளிவாக விழுந்திருந்தது. மலையிலிருந்து நேராக இறங்கி, உன் புடவைக்கு ஒரு கை தூரத்தில் நின்றிருக்கிறது. அந்த இடத்தில் குளம்பு மாறி மாறிப் பதிந்து மண் சேறாகியிருந்தது. வெகுநேரம் நின்று முகர்ந்திருக்க வேண்டும். பிறகு வந்த வழியே திரும்பிப் போயிருக்கிறது. கும்பல் மொத்தமும். ஒரு செடி அசையவில்லை.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன் அக்கா. எரித்த அன்றைக்கும் இப்படி அழுததில்லை.

பிறகு நான் விட்டுவைக்கவில்லை. என் புடவையை, சுகுணாவின் புடவையை ஒவ்வொன்றாக வேர்வையில் ஊறவைத்துச் சுற்றிலும் கட்டினோம். சுகுணா துவைக்காமல் கொண்டுவந்து கொடுத்தாள். உன் புடவையை மட்டும் இடம் மாற்றவில்லை. மழை பெய்தது, வெயில் அடித்தது. ஒரு நாள் காலையில் அதில் முகம் வைத்துப் பார்த்தேன். புழுதி வாசமும் வெயில் வாசமும்தான் இருந்தன. மறுபக்கம் வைத்தும் பார்த்தேன். அதற்கப்புறம் நான் முகர்ந்து பார்க்கவில்லை.

காய் நன்றாக இறங்கியிருக்கிறது. இந்தப் பெண்கள் செடியை உதறும் சத்தத்திலேயே தெரிகிறது. முனி மூட்டை பிடிக்க ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறான். அம்மா போட்ட விதை என்று யாரிடமும் சொல்லாமல், ஒரு பிடி காயை எடுத்து உரிக்காமலே சட்டைப் பையில் போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன்.

எனக்கென்று வைத்துக்கொள்ள உன் வாசம் மிஞ்சவில்லை. ஆனால் ஒன்று இருக்கிறது. நீ செத்த சேதி ஊருக்குத் தெரியும், சம்பந்தி வீட்டுக்குத் தெரியும், பேரப்பிள்ளைகளுக்குத் தெரியும். அந்த மலையில் திரிகிற பன்றிக்கு மட்டும் தெரியாது. வரப்பில் நீ நின்றுகொண்டிருக்கிறாய் என்று நம்பித்தான் அது திரும்பிப் போனது. இன்னமும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கும். அதற்கு நான் சொல்லப் போவதில்லை.

உன் தங்கச்சி