முகூர்த்தப் பில்லில் கோடிப் புடவை

1998 ஆவணி, வெள்ளிக்கிழமை இரவு

இன்றுதான் என் ஜவுளிக்கடையில் புது கம்ப்யூட்டர் பில்லை ஆரம்பித்தோம். கொட்டிவாக்கத்து அம்மா ஒருவர், மகள் கல்யாணத்துக்குக் காலையிலிருந்து புடவை எடுத்தார். முகூர்த்த ஜவுளிப் பில்லை முதலாளியே உரக்கப் படிப்பது எங்கள் வழக்கம். படித்தேன். கூறைப்புடவைக்கு மேல் வரியில் கோடிப் புடவை. தாலி இழந்தவளுக்குத் துக்க வீட்டில் போடுவது. என் வாயாலேயே படித்துவிட்டேன்.

"இன்னா சார் இது? எம் பொண்ணு கழுத்துல இன்னும் தாலியே ஏறல!"

எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு, பெண்ணை இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

பைத்தானில் புரோகிராம் எழுதிய ஆன்டனியை வரவழைத்தேன். பில்லைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது.

"துணி லிஸ்டை கிளாஸ்லயே, அதாவது எல்லா பில்லுக்கும் அச்சா இருக்கிற இடத்துலயே வச்சுட்டேன் சார். அது எல்லா கஸ்டமருக்கும் பொதுவாயிடுச்சு. ஆளாளுக்குத் தனியா ஆரம்பிச்சிருக்கணும்."

"கடைப் பேரு பொதுவா இருக்கலாம்யா. ஊரார் துணியெல்லாம் ஒரே மூட்டையா?"

திட்டி முடித்த பிறகுதான் உறைத்தது. பொது என்றால் இரண்டு பக்கமும் பொதுதானே. அதே நேரம் கோடி எடுத்தவர் மேற்கு மாம்பலத்துக்காரர். அவருடைய தங்கை புருஷன் போன வாரம் தவறிவிட்டார். அவர் பில்லில்?

ஆன்டனி திரையையே பார்த்துக்கொண்டு சொன்னான். "அதுலயும் கூறைப்புடவை இருக்கு சார்."

அந்தப் பில் பார்சலோடு சாயங்காலமே தங்கை வீட்டுக்குப் போய்விட்டது. விடிந்ததும் நானே போய் நிற்கிறேன். அதற்குள் அந்தத் தங்கை பார்சலைப் பிரித்துப் பில்லைப் படித்துவிட்டால்...