எதிரெதிர்க் குளிர்காலங்கள்

அக்டோபர் 27, ஞாயிறு

குளிர்கால நேரம் தொடங்கிவிட்டது; ஜெர்மனி முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியாயிற்று. எங்கள் வீட்டுச் சட்டப்படி, இன்றிலிருந்து நான் மச்சு அறையில் இருக்கும் மாதிரி ரயிலுக்குச் சொந்தம். மார்ச்சில் கடிகாரம் முன்னுக்குப் போனதும் என் மனைவி இம்கேயின் தோட்டத்துக்கு. மாதிரி ரயில் என்று நான்தான் சொல்கிறேன். அவள் வாயில் அது பொம்மை ரயில்தான்.

இருபது வருடமாக இந்த நாளில் மகள் ஃபென்யாதான் எனக்கு முன்னால் படியேறுவாள். ஏழு வயதில் ஆரம்பித்தவள். இப்போது கணவனோடு நியூசிலாந்தில். தனியாக ஏறினேன். தூசி தட்டினேன். இறங்கிவிட்டேன்.

நவம்பர் 16

ஃபென்யா போன் செய்தாள். "இங்க வசந்தம்ப்பா. வீட்டுக்குள்ள உக்காரவே மனசு வரல. குளிர் வரட்டும், ஜூன்ல ஆரம்பிக்கிறேன்."

எங்கள் ஊரான எம்டனின் துறைமுக ரயில் நிலையத்தை, ஆளுக்கொரு பலகையில் பாதிப் பாதியாக, மாதிரியாகக் கட்டுவதாகப் பேச்சு. அளவெல்லாம் ஒன்றே, என்றைக்காவது இரண்டு பலகைகளையும் ஒட்டி வைத்தால் ரயில் நிற்காமல் ஓட வேண்டும். எனக்குக் குளிர்காலம் என்றால் அவளுக்குக் கடற்கரை. அவளுக்குக் குளிர்காலம் வரும்போது நான் பீன்ஸ் பறித்துக்கொண்டிருப்பேன். உலகம் உருண்டையாகத்தான் இருக்க வேண்டுமா?

ஜனவரி 11

மச்சில் நான்கு டிகிரி. விரல் விறைக்கிறது. நீளமான தண்டவாளப் பாதை முழுவதையும் இன்றே போட்டு முடித்தேன். பேச ஆளில்லாவிட்டால் வேலை சீக்கிரம் முடிகிறது. இதைச் சந்தோஷமாக எழுதவில்லை.

மார்ச் 30

கடிகாரம் முன்னுக்குப் போயிற்று. இம்கே என் கையில் மண்வெட்டியைத் திணித்தாள். "மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத ஓனோ. இந்த ஜெர்மனியிலயே குளிர் போயிடுச்சேன்னு அழுற ஒரே ஆளு நீதான்."

ஜூன் 8

"பாதி ஆயிடுச்சுப்பா" என்றாள் ஃபென்யா. பொறாமையாக இருந்தது. சொந்த மகள் மேல்!

ஜூலை 2

இப்படியொரு வெயில் பார்த்ததில்லை. ஃபென்யா வீடியோவில் வந்தாள், தலையில் கம்பளித் தொப்பி. "உன் பலகை ஓரத்துலேருந்து முதல் பாதை எவ்வளவு தூரம்? போய் அளந்து சொல்லுப்பா."

கோடையில் நான் மச்சுக்குப் போவதே இல்லை. கதவைத் திறந்தால் அடுப்பு. பாதை முழுவதும் நெளிந்து, இரண்டு இடத்தில் பலகையை விட்டே எழும்பி நிற்கிறது. போனைத் திருப்பிக் காட்டினேன். முதலில் சிரித்தாள்.

"அப்பா, இடைவெளி விடலையா?"

குளிரில் போடும் தண்டவாளத்துக்கு ஒவ்வொரு இணைப்பிலும் விளையாட்டுச் சீட்டு ஒன்றின் கனத்துக்கு இடம் விட வேண்டும். கோடையில் தண்டவாளம் நீளும். பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் சீட்டைச் செருகுவது எப்போதும் அவள் வேலை. நான் தண்டவாளத்தை வைப்பேன், அவள் செருகுவாள். ஜனவரியில் அது என் நினைவுக்கே வரவில்லை.

"செருக ஆளில்லம்மா" என்றேன். அவள் சிரிப்பு நின்றது. பிறகு இரண்டு பேரும் அழுதோம். மறைப்பதற்கு என்ன இருக்கிறது.

ஜூலை 3

"கெளம்பு. ஃபென்யாகிட்ட போய்ட்டு வா," என்றாள் இம்கே.

"பெர்ரி பறிக்கிற சமயம்—"

"எனக்குக் கை இல்லையா? இந்த மூஞ்சியோட நீ பக்கத்துல நின்னா செடிதான் வாடும்."

அவள் கன்னத்தில் முத்தமிட்டேன், மண் ஒட்டியிருந்தது.

ஜூலை 19, டனீடின், நியூசிலாந்து

நல்ல குளிர், சாய்வாக அடிக்கும் மழை. ஜூலையில்! வந்ததும் வராததுமாக, "உன் பாதியைக் காட்டு" என்றேன். ஃபென்யா கார் ஷெட் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"திட்டாதப்பா."

உள்ளே மேசையில் பலகை இருந்தது. வெறும் பலகை. ஒரு ஆணிகூட அடிக்கவில்லை.

"நீ கேக்கிறப்பல்லாம் பொய் சொன்னேன். தினமும் ஹீட்டரப் போட்டுட்டு வந்து உக்காருவேன். தனியா கை வரலப்பா. அளவு கேட்டதுகூட, நீ மச்சுல நிக்கிறதப் பாக்கணும்னுதான்."

கோட்டைக் கழற்றாமலேயே, "தண்டவாளம் வெட்டுற ரம்பத்தை எங்க வச்சிருக்க?" என்று கேட்டேன்.