ஆறு மணி அகரம் வண்டி

இன்று சாயங்காலம் ஆறு மணிக்கு வாசலில் மினி பஸ் ஹாரன் இரண்டு தடவை அடித்தது. கை தானாக மடிக்கணினியை மூடிவிட்டது. எட்டிப் பார்த்தால், உன் சீட்டில் வேறொரு டிரைவர் உட்கார்ந்து குறுக்கே நின்ற மாட்டை விரட்டிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது.

கம்பெனி வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னதும் பெங்களூரை விட்டுத் திண்டுக்கல் வந்தேன். மனைவி, மகளோடு இருக்கலாம் என்ற ஆசைதான். வந்த பிறகு சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலும் கணினி. “பெங்களூர்ல இருந்தப்பவாவது ராத்திரி போன்ல பேசுவீங்க” என்றாள் மனைவி. கூடப் படித்த நீதான் அதற்கு ஒரு வழி கண்டாய். அகரம் போகும் உன் ஆறு மணி வண்டியை என் வாசலில் நிறுத்தி ஹாரன் அடிப்பாய். “ஏலே, வாரியா, இல்ல போகவா?” வண்டி மொத்தமும் என்னைப் பார்க்கும், ஏறித்தான் ஆகவேண்டும். போய்த் திரும்பி வரும்போது நானும் வேலை முடிந்து வீடு திரும்புகிறவனாக இருப்பேன். மகள் ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்வாள்.

ஒருநாள் கெட்டிக்காரத்தனமாக மடிக்கணினியோடு ஏறினேன். மேனேஜர் பேசிக்கொண்டிருக்கையில், பூ விற்றுத் திரும்பிய ஓர் அம்மா காலிக் கூடையைக் கணினி மேலேயே வைத்து, “செத்த பிடிச்சுக்க அப்பு” என்றார். மீட்டிங்கில் எல்லோரும் சிரித்தார்கள். நீ மட்டும் சிரிக்காமல் வண்டியை ஓரங்கட்டினாய். “ஆபீஸ எறக்கி விட்டுட்டு ஏறுலே. இம்புட்டுப் பேரும் வேலைய முடிச்சுட்டுத்தான ஏறியிருக்காக?” மூன்று நாள் உன்னோடு பேசவில்லை. அந்த மூன்று நாளும் நீ ஹாரன் அடிக்காமல் போகவில்லை.

போன ஆடியில் நெஞ்சுவலி என்று உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நீயே போன் செய்தாய். “பயப்பட ஒண்ணுமில்ல. முடிஞ்சா செத்த நேரம் வந்துட்டுப் போ.” ஆறு மணிக்கு எனக்கு ஒரு பெரிய மீட்டிங், அதில் இல்லாவிட்டால் பதவி உயர்வு கைநழுவிவிடும் என்ற பயம். நாளைக்கு வருகிறேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். என்னவோ, “வாரேன்” என்று வந்துவிட்டது. ஆறு மணிக்கு மேல் நான் இருக்க மாட்டேன் என்று மேனேஜருக்கு எழுதிவிட்டுக் கிளம்பினேன்.

இரண்டு மணி நேரம் இருந்தேன். உருப்படியாக ஒன்றும் பேசவில்லை. என் தொப்பையைக் கிண்டல் செய்தாய். பின் டயரை மாற்றவேண்டும் என்றாய். ஆஸ்பத்திரி இட்லி கல்லாக இருக்கிறது என்று பாதியை என் பக்கம் தள்ளினாய். மறுநாள் விடிவதற்குள் போய்விட்டாய்.

எல்லாக் காரியமும் முடிந்து நாலாம் நாள் கணினியைத் திறந்தேன். அந்த மீட்டிங் நடக்கவே இல்லை, தள்ளிப்போட்டிருந்தார்கள். நான் இல்லாததைக்கூட யாரும் கவனிக்கவில்லை. அதற்காகவா அன்று வீட்டில் உட்கார்ந்திருக்கப் பார்த்தேன்?

இப்போது ஆறு மணிக்கு மேல் ஆபீசில் எவர் கூப்பிட்டாலும் நாளைக்குத்தான். ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை. நீ இல்லாத துக்கம் இருக்கிறது, அது எங்கே போகும்? ஆனால் நீ கூப்பிட்டபோது நான் வந்தேனடா. அந்த ஒரு நிம்மதியில்தான் தூங்குகிறேன்.