தரையைத் தொடாத புள்ளி

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

நீ, உன் மனைவி, பெரியவன், சின்னவள் எல்லாரும் சுகம்தானே? கடிதம் வந்து மூன்று மாதம் ஆகிறது. அக்கா இருக்கிறாளா போனாளா என்று ஒரு வரி கேட்கக் கூடாதா?

போன வருஷம் வந்த மெஷின்தான் இப்போது எங்கள் ஆபீசுக்கு மகாராணி. விமானத்திலிருந்து எடுத்த படங்களை இரண்டிரண்டாகக் கொடுத்தால் மேடு பள்ளத்தைத் தானே கணக்குப் போட்டு மேப் வரைந்துவிடுகிறாள். அவளுக்குச் சூடு ஆகாதாம். அறையைக் குளிரவைத்துவிட்டு நான் சால்வையோடு உட்கார்ந்திருக்கிறேன். அடர்ந்த மரம் இருந்தால் மட்டும் ஏமாந்துவிடுவாள். மர உச்சியையே தரை என்று எடுத்துக்கொள்வாள். அங்கே ஆள்தான் படங்களைப் பார்க்கும் இரட்டைக் கண்ணாடியில் குனிந்து, வெளிச்சப் புள்ளியைத் தரைவரை இறக்க வேண்டும்.

ஷிஃப்டுக்கு மூன்று பேர் இருந்தோம். "மெஷினே பாத்துக்கும், ஆள் எதுக்கு?" என்று மேலதிகாரி இரண்டு பேரை அனுப்பிவிட்டார். இயக்குவதும் நானே, சரிபார்ப்பதும் நானே. சின்னவளுக்கு என் முத்தம்.

உன் அக்கா

ஜூலை 19

அன்புள்ள அக்காவுக்கு,

வெள்ளம் வரும் என்று ஆற்றங்கரை வீட்டைக் காலிபண்ணச் சொல்லிவிட்டார்கள். பழைய மரக்காட்டை வெட்டிவிட்டுத் தகர வீடு போட்டுத் தருகிறார்கள். வேண்டாம் என்றால் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இடம், ஆனால் நெருக்கடி. மேப்பில் மரக்காடுதான் மேடு. ஓரத்தில் பார்த்தால் உன் கையெழுத்து! இயக்கியவரும் நீ, சரிபார்த்தவரும் நீ. "எங்க அக்கா போட்ட மேப்புப்பா" என்று எல்லாரிடமும் காட்டிப் பெருமையடித்துக்கொண்டேன்.

இவளுக்குத்தான் சந்தேகம். "பாத்தா பள்ளமா இருக்கே, உங்க அக்காவ ஒரு வார்த்தை கேளுங்க" என்கிறாள். சரி என்று ஒரு வரி எழுது.

உன் தம்பி

ஆகஸ்ட் 2

அன்புள்ள தம்பிக்கு,

மேப் சரிதான். தைரியமாகப் போ. தலைக்குமேல் வேலை, பிறகு எழுதுகிறேன்.

அக்கா

நவம்பர் 27

அக்கா,

சின்னவள் போய்விட்டாள். பத்து நாள் ஆகிறது. எழுதக் கை வரவில்லை.

மூன்று நாள் விடாத மழை. காலையில் ஆறு கரையை உடைத்தது. எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினார்கள். இவளும் சின்னவளைத் தூக்கிக்கொண்டு தகர வீட்டு வாசலுக்கு வந்துவிட்டாள். நான்தான், "இங்க தண்ணி வராதுடி, அக்கா பாத்த இடம்" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். மத்தியானத்துக்குள் கூரைவரை தண்ணீர். பெரியவனை நான் பிடித்துக்கொண்டேன். இவள் கையிலிருந்து சின்னவள் நழுவிவிட்டாள்.

மெஷின் செய்த தப்பு என்கிறார் வந்து பார்த்த இன்ஜினியர். ஒருத்தன் உன் பேரை இழுத்தான். கண்ணால் பார்க்காமல் எங்கள் அக்கா கையெழுத்துப் போடமாட்டாள் என்று அவனோடு சண்டைக்கே போய்விட்டேன். நீ மனசைப் போட்டு வருத்திக்கொள்ளாதே. புறப்பட்டு வா. இவள் யாரோடும் பேசுவதில்லை. நீ வந்தால் பேசுவாள்.

உன் தம்பி

டிசம்பர் 3

தம்பி,

பெட்டியோடு பஸ் நிலையம்வரை போய்த் திரும்பிவிட்டேன்.

மெஷின்மேல் மட்டும் தப்பு இல்லை. ஒரு வருஷமாக எனக்கு இடக்கண் தெரியவில்லை. அந்தக் கண்ணாடியில் இரண்டு கண்ணும் சேர்ந்து பார்த்தால்தான் உயரம் தெரியும். ஒற்றைக் கண்ணுக்கு மேடும் பள்ளமும் ஒன்றுதான். சொன்னால் வேலை போய்விடுமே என்று மறைத்தேன். சரிபார்க்க இன்னொருவர் இருந்தவரை அவர் பார்த்துக்கொள்வார் என்றிருந்தேன். அவரும் போனபிறகு மெஷின் போட்டதையெல்லாம் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டேன்.

நீ கேட்டு எழுதியதும் அந்தப் படங்களை எடுத்து மறுபடி பார்த்தேன். மரம்தான் தெரிந்தது, தரை எங்கே என்று தெரியவில்லை. அதை உனக்கு எழுதியிருக்கலாம். வெட்கமும் பயமும் விடவில்லை. நம் குழந்தையை நான்தான் கொன்றேன், தம்பி.

படித்தபிறகும் வா என்றால் வருகிறேன்.

அக்கா

டிசம்பர் 14

அக்காவுக்கு,

இவளுக்குப் படித்துக் காட்டினேன்.

வர வேண்டாம். ஒரு வருஷத்தில் எத்தனை மேப்பில் கையெழுத்துப் போட்டாய் என்று ஆபீசில் போய்ச் சொல். இன்றைக்கே சொல். அந்த இடங்களுக்கும் யாராவது பிள்ளைகளோடு குடிபோய்க்கொண்டிருப்பார்கள்.

இனி எனக்கு எழுதாதே.

தம்பி