வெயில் அடிக்காத ரூம்

நர்ஸம்மா,

நைட் டியூட்டி முடிந்து நீ வரும்போது நான் பஸ் எடுத்துக் கிளம்பியிருப்பேன். சோறு அடுப்பு மேல் இருக்கிறது. சூடு பண்ணிச் சாப்பிடு.

புது ஏசி குளிரவே இல்லை என்று நீ சொன்னதற்கு, "உனக்கு எதுலதான் திருப்தி?"ன்னு கத்தினேன் இல்லையா? நேற்று உனக்கு டபுள் டியூட்டி, எனக்கு லீவு. மத்தியானம் நம் ரூமில் படுத்துப் பார்த்தேன். ஏசி பாட்டுக்கு ஓடுகிறது, மேற்கு ஜன்னல் வெயிலில் தலையணை கொதிக்கிறது.

கடையில், "ரூம்ல வெயில் அடிக்குமா சார்?"ன்னு கேட்டார்கள். "சுத்தமா அடிக்காது"ன்னு நான்தான் சொன்னேன். அதை நம்பித்தான் ஒரு டன் போதும் என்றார்கள். நான் அந்த ரூமில் கால் வைப்பதே இருட்டிய பிறகுதானே! பகலெல்லாம் அங்கே தூங்குகிறவள் நீ. உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஜன்னலில் போர்வை கட்டியிருக்கிறேன், அவிழ்க்காதே. ஒன்றரை டன்னுக்கு மாற்றித் தருவார்களா என்று சாயங்காலம் போய்க் கேட்போம். நீயும் வா. இந்தத் தடவை நீயே பதில் சொல்லு.

பி.கு: இத்தனை வருஷமாக இந்த வெயிலிலா தூங்கினாய், ஒரு நாள்கூடச் சொல்லவில்லையே என்று எழுத வந்தேன். நீ சொன்னாய். போன கோடையிலும் சொன்னாய். "ஃபேனை வேகமா வெச்சுக்கோ"ன்னுட்டுத் திரும்பிப் படுத்தவன் நான்தான்.