கிளப் ஜன்னலுக்கு வெளியே உன் அப்பா

க்ளின்ரோஸ்,
ஜூன் 1954

அன்பு மகன் இத்வாலுக்கு அம்மா எழுதுவது,

நீயும் உன் முழங்காலும் நன்றாக இருக்க வேண்டும் என்று கர்த்தரிடம் கேட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். இங்கே நானும் உன் தங்கை நெஸ்டாவும் இருக்கிறோம், சுகமாக இருக்கிறோம் என்று எழுதக் கை வரவில்லை. அப்பா போய்விட்டார் என்ற தந்தி நீ ஆடப் போயிருக்கும் சிட்னியில் உனக்குக் கிடைத்ததாக அணி மேலாளர் பதில் அனுப்பினார். கப்பல் பிடித்து வந்து சேர முடியாது என்று எனக்குத் தெரியும், வரவில்லையே என்று மருகாதே. சுரங்கத் தூசி ஏற்கெனவே நெஞ்சில் இருந்தது, மழையில் நனைந்து காய்ச்சல் கண்டது, அப்புறம் எழுந்திருக்கவில்லை.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். பதினைந்து பேர் ரக்பியில் வேல்ஸுக்கு ஆடிய நீ, வடக்கே இங்கிலாந்துக்குப் போய்ச் சம்பளத்துக்குப் பதின்மூன்று பேர் ஆட்டத்தில் சேர்ந்ததும் நம் கிளப் சுவரிலிருந்து உன் படத்தைக் கழற்றினார்கள். காசுக்கு ஆடினவன் கிளப்புக்குள் கால் வைக்கக் கூடாதாம், அது அவர்கள் சட்டம். அந்தக் கிறிஸ்துமஸுக்கு வந்தபோது அப்பாவைக் கூப்பிடக் கிளப்புக்குப் போன உன்னை வாசலிலேயே செயலாளர் டில்வின் மறித்து, "வடக்கே போனவனுக்கு இங்க இடமில்லப்பா, சட்டம் சட்டம்தான்" என்றான். அப்பா உள்ளே கிளாஸோடு உட்கார்ந்தே இருந்தார். அதிலிருந்து நீ அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இரண்டு வகை ரக்பியிலும் நாட்டுக்காக ஆடியவன் இந்தப் பள்ளத்தாக்கிலேயே நீ ஒருவன்தான், அதைக்கூட அவர் பேப்பரில்தான் படித்தார். இரண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம், நடுவில் நான்.

அன்று நீ தெருமுனை திரும்பியதும் அவர் பாதிக் கிளாஸை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். மறுபடி அந்தப் படி ஏறவே இல்லை. சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் கிளப் ஜன்னலுக்கு வெளியே நிற்பார், உள்ளேயிருந்து யாராவது பீரை நீட்டுவார்கள், மழையானாலும் பனியானாலும் அங்கேயே குடித்துவிட்டு வருவார். "ஏன்யா நனையிற, உள்ள வா" என்றால் "என் பையன நிறுத்தின இடம் எனக்குப் போதும்" என்பாராம். அன்றைக்கே எழுந்து கேட்டிருக்கலாமே என்று நான் சண்டை போட்டதற்கு, "நான் கத்தியிருந்தா அவன் கெஞ்ச வந்தவன் மாதிரி ஆயிருப்பான்டி" என்றார். இதை உனக்கு எழுதட்டுமா என்றால், "வேணாம், அவன் ஆட்டம் கெட்டுடும்" என்று என் வாயை அடைத்துவிட்டார். கடைசியாக நனைந்ததும் அந்த ஜன்னலடியில்தான்.

அடக்கத்துக்குப் பிறகு தேநீரைக் கிளப்பில் வைக்கலாம் என்று டில்வின் வந்தான், நீ ஒருவேளை வந்து சேர்ந்தால் அந்த ஒரு நாள் உன்னையும் விடுவார்களாம். "ஒருநாள் தயவுக்கு என் மகன் வரமாட்டான், இவரும் வரமாட்டார்" என்று அனுப்பிவிட்டேன். ஆலயத்துப் பின்கூடத்தில்தான் எல்லோருக்கும் தேநீரும் பழரொட்டியும் கொடுத்தோம். அடுத்த சனிக்கிழமை அந்தப் பக்கம் போனேன். ஜன்னல் விளிம்பில் யாரோ ஒரு கிளாஸ் பீர் நிறைய ஊற்றி வைத்திருந்தார்கள், மழை அதில் விழுந்துகொண்டிருந்தது. பீரைக் கொட்டிவிட்டுக் கிளாஸைக் கோட்டுக்குள் வைத்து எடுத்து வந்துவிட்டேன். திருட்டுதான், கேட்கிறவன் வந்து கேட்கட்டும்.

முழங்காலுக்கு ஒத்தடம் கொடு, ஈரச் சட்டையோடு உட்காராதே. அப்பா சொன்னது போல ஆட்டத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. கர்த்தர் உன்னைத் தம் கையில் வைத்துக் காக்கட்டும். ஊருக்கு வந்ததும் மறக்காமல் நேரே வீட்டுக்கு வா, கிளாஸைக் கழுவி மேசையில் அவர் இடத்தில் வைத்திருக்கிறேன், நீ அதில் குடிக்க வேண்டும்.

உன் அம்மா
மெஃபனி