வரிக் கடைசியில் ஒரு கழித்தல்

6-3-1958, வியாழன். காஜா பெராங்.

பள்ளிக் கணக்குப் புத்தகத்துக்கு இன்று அச்சுக் கோத்தேன். ஒரு நீளமான கணக்கு ஒரே வரியில் அடங்கவில்லை. 3-க்குப் பின் உடைத்து, கழித்தல் குறியை அடுத்த வரியின் தொடக்கத்தில், 6-க்கு முன்னால் வைத்தேன்.

போர்மன் ராஜு அண்ணன் கத்தினார். "வரி ஆரம்பத்துல எவனாவது கோடு போடுவானா? மேல் வரிக் கடைசில வையி."

"அங்க வச்சா சொல்ல ஒடைக்கிற கோடுன்னு நெனைச்சிருவாங்கண்ணே."

"பேசாம செய்லா!"

வைத்தேன். மாலையில், பிழை பார்க்கப் போன புரூப் தாள் திரும்பி வந்தது. தினமும் மலாய்ப் புத்தகம் திருத்தி, வரிக் கடைசிக் கோடு என்றாலே சொல்லை உடைக்கிற கோடு என்று பழகிப்போனவர், கோட்டை அடித்துவிட்டு, இரண்டையும் சேர்க்கச் சொல்லி எழுதியிருந்தார். 3-ம் 6-ம் சேர்ந்து 36!

"திருத்துனபடி செய்" என்றார் அண்ணன், என் முகத்தைப் பார்க்காமல்.

செய்யவில்லை. கோட்டை மறுபடி அடுத்த வரிக்கே கொண்டுபோய், பக்கத்தைக் கட்டி மெஷினுக்குக் கொடுத்துவிட்டேன். காலையில் அச்சாகிவிடும். வேலையை விட்டு நிறுத்தினால் நிறுத்தட்டும். சரியாகக் கணக்குப் போட்ட எந்தப் பிள்ளையும் என் பக்கத்தால் வாத்தியாரிடம் அடி வாங்காது.

இந்த நோட்டிலும் இடம் போதவில்லை. ஆனாலும் இப்படித்தான் எழுதுவேன்:

(12 + 5) × 4 + 9 × 3
− 6 × 7 = 53